ஒன்றா, வேறா

ஹீலியம் நிரப்புவது என் வேலை.
கணக்கு எனக்கு வராது.
எஸ்போவின் இந்த நிலவறைக்குப்
பென்சிலோடு இறங்கிவரும் ஒரே ஆள் கெர்த்து.

எந்திரம் குளிர இரண்டு நாள் ஆகும்.
பம்ப் இரைச்சலுக்கு நடுவே
துண்டு துண்டாகச் சொன்னாள்:

ஒவுலுவில் ஆற்றின் இந்தக் கரையில் அம்மா,
அந்தக் கரையில் அப்பா.
நடுவில் பாலம், எட்டாம் எண் பேருந்து,
சனிக்கிழமைதோறும் இவள்.
போனால் அவர் கேட்பார், திரும்பினால் அம்மா கேட்பாள்:
யார் வந்தார்கள், என்ன வாங்கினார்கள்,
இன்னும் குடிக்கிறாரா, இன்னும் அழுகிறாளா.
ஒன்பது வயதில் ஒரு விதி வகுத்துக்கொண்டாள்.
எந்த வீட்டில் என்ன இருக்கிறதென்று சொல்லமாட்டாள்.
இரண்டும் ஒன்றா, வேறா,
அதற்கு மட்டும் பதில்.
"அங்கேயும் மீன் சூப்தானா?"
"ஒன்றுதான்."
"அங்கேயும் இவ்வளவு அமைதியா?"
"வேறு."

பரீட்சையில் வழியை எழுதாமல் விடையை மட்டும் எழுதிப்
பாதி மதிப்பெண்ணைத் தொலைத்தவள்.
பல்கலைக்கழக நாட்களில் இரவெல்லாம்
தபால் பிரிக்கும் கூடத்தில் நின்றாள்.
ஆயிரமாயிரம் உறைகள். ஒன்றையும் பிரித்ததில்லை.

ஆய்வேட்டின் நாற்பதாம் பக்கத்தில்
ஒரு கழித்தல் குறி
கூட்டலாக உட்கார்ந்திருந்தது, பதினான்கு மாதம்.
கண்டுபிடித்த மதியம் என்ன செய்தாய் என்றேன்.
"காருக்குக் குளிர்கால டயர் மாற்றினேன்.
அன்றைக்குக் கைக்கு எட்டிய சரி அதுதான்."

இப்போது தங்க முலாம் தட்டுகளுக்கு அடியில்
விரல்நகம் அளவு சில்லு.
அதில் பதினேழு கியூபிட்டுகள்.
பார்த்தால் கலைந்துவிடும் இனம்.
பார்க்காமலும் விடமுடியாது,
துளி வெப்பம் பட்டாலே பிசகிவிடும்.
அதனால் அவள் எழுதிய குறிமுறை
யாரிடமும் நீ யார் என்று கேட்பதில்லை.
அக்கம்பக்கத்தாரைச் சேர்த்து நிறுத்தி
ஒன்றா, வேறா என்கிறது,
நொடிக்குப் பத்து லட்சம் முறை.
பதில் மாறுகிற மூலையில் பிழை.
உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கிறது.

நேற்று முடிவு வந்தது.
தனியே விட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாய்
நின்று பிடித்திருந்தது.
இமைப்பொழுதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.
யாரும் கைதட்டவில்லை.
மேலே போய்க் காபி குடித்தோம்.

அங்கேதான் அம்மாவின் அழைப்பு.
அப்பா போய் மூன்று வாரம்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்க ஆளில்லை;
இப்போது இவளைக் கேட்கிறாள்:
"இங்கே விடாமல் பனி. அங்கேயும் அப்படித்தானா?"

ஜன்னலில் நல்ல வெயில்.
சைக்கிள் நிறுத்துமிடம் காய்ந்து கிடந்தது.
"ஒன்றுதான் அம்மா" என்றாள் கெர்த்து.

பிழை.
பார்த்தேன்.
திருத்தவில்லை.