ஒற்றைச் செருப்பு

இதல்கஸ்ஹின்ன சுரங்கத்தின் நடுவில்தான்
நிரோஷன் அந்தக் கிரேக்கக் கதையைச் சொன்னான்:
யாழை மீட்டிச் சாவிடமிருந்து மனைவியை மீட்டவன்,
வெளிச்சம் வருமுன் திரும்பிப் பார்த்து
இழந்தானாம்.

"எனக்கு அந்தச் சிக்கலே வேணாம்"
என் முகத்தைப் பார்த்தபடி
பின்பக்கமாகவே நடந்தான்.
சிலிப்பர் கட்டையில் தடுக்கி ரெண்டு தரம் விழுந்தான்.
வௌவால் நாற்றம். போனில் நாலு வீதம் சார்ஜ்.

வெளியே வெயில், யூக்கலிப்டஸ் வாசம்.
திரும்பிப் பார்த்தது நான்தான்:
இடது செருப்பைக் காணோம்.

"நில்லு" என்று இருட்டுக்குள் போனான்.
மூன்றரை ரயிலுக்கு இன்னும் பத்து நிமிஷம்.

வெளிச்சத்தில் நிற்பவள் என்ன செய்வாளென்று
கதையில் இல்லை.
எனக்குப் பாட வராது.
ஒற்றைக் காலில் நின்று
அவன் பேரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.
சுரங்கம் அதைத் திருப்பித் திருப்பித் தந்தது,
கடைசியில் ஒரு தடவை
என் பேராக.