மூன்று வெள்ளிப் பொறி

பாடாங் செராயில் டயர்க் கடைக்கு அடுத்த கதவு.
நான்கு நாற்காலி, நான்கு இயந்திரம்,
திங்கள் புதன் வெள்ளி, மாலை நான்கு மணிப் பிரிவு.
ஊசி ஏற்றுகிறவள் நான். எல்லாருக்கும் மிஸி.

செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கிய கையைக்
குழாய்க்குக் கொடுத்துவிட்டு
மிச்சக் கையால் பவுனம்மா தொடங்குவார்:
முருகா, முருகா.
விரலில் மோதிரம்போல் ஓர் எண்ணும் பொறி,
பாசார் மாலாமில் மூன்று வெள்ளி.
அதே பொறி, பச்சையில், சியூ லான் விரலில்:
ஓமிதோஃபோ, ஓமிதோஃபோ.
பாக் தாஜுடினுக்கு விரல்கணுக்களே போதும்.
யா லத்தீஃப், உதடு மட்டும் அசையும்.

சவரிமுத்துவுக்குச் சிரிப்பு.
"கதவத் தட்டிக்கிட்டே இருந்தா எப்படி?
தொறந்ததும் என்ன வேணும்னு சொல்ல வேணாமா?"
அவர் சொல்வார், விவரமாக.
ஆண்டவரே, பொட்டாசியம் ஐந்துக்குக் கீழே.
ஆண்டவரே, மகனுக்கு லோரி லைசென்ஸ்.
எஸ்டேட்காரன் தர வேண்டிய வீட்டுப் பணம்,
கேஸ் நம்பர் உமக்கே தெரியும்.

பவுனம்மா கண் திறக்காமல்:
"கேட்டா கடன்காரி மாதிரி இருக்கு.
கூப்பிட்டா சொந்தக்காரி மாதிரி இருக்கு."

லோரி ஓட்டிய காலத்துத் தமிழில் பாக் தாஜுடின்:
"சலாம் சொல்லாம வீட்டுக்குள்ள போவாங்களா?
மொதல்ல பேரு. அப்புறம் கேளு."

சியூ லானுக்கு எதுவும் புரியவில்லை.
பொறியைத் தூக்கிக் காட்டினார்: இரண்டாயிரம்.

எனக்குப் பெயரும் இல்லை, மனுவும் இல்லை.
நரம்பு முதல் குத்திலேயே கிடைத்தால் போதும்.

நவம்பர் மழை. ஏழு நாற்பதுக்கு மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இருமியது, எழும்பவில்லை.
பேட்டரி ஒவ்வொன்றாய் ஓய்ந்தது.
குழாயில் நிற்கும் ரத்தம் உறைந்துவிடும்;
பிடியைச் செருகிக் கையால் சுற்ற வேண்டும்.
நானும் அஸ்மாவும்,
கிரீஸ் கையோடு ஓடிவந்த டயர்க் கடைத் தினகரும்.
மூன்று பேர், நான்கு பிடி.
கைப்பேசி வெளிச்சத்தில் குழாய் தெரிகிறது,
முகம் தெரியவில்லை.

பவுனம்மா? இருக்கேன்.
சவரிமுத்து? இருக்கேன் மிஸி.
பாக் தாஜுடின்? இருக்கு, இருக்கு.
சியூ லான்? அடா.
(தமிழில் அதட்டல். மலாயில் இருப்பு.)
மறுபடி பவுனம்மா?
ஒரு சுற்று, ஒரு பெயர்.
பதில் வரத் தாமதித்த ஒருமுறை
என் கை பிடியை விட்டுவிட்டது.
இருபத்திரண்டு நிமிடம்.
வேறெதுவும் நான் பேசவில்லை.
வேறெதுவும் எவரும் பேசவில்லை,
சவரிமுத்துகூட.

விளக்கு வந்ததும் சியூ லான் பொறியை நீட்டினார்.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.
இருட்டில் நான் யாரைக் கூப்பிட்டாலும்
ஒருமுறை அழுத்தியிருக்கிறார்.
"இதுவும் கணக்கில் சேருமா?" மலாயில் கேட்டார்.
தெரியவில்லை என்றேன்.
தோள் வலித்தது.

அடுத்த புதன், ரத்தப் பரிசோதனை.
சவரிமுத்துவின் பொட்டாசியம் ஐந்து புள்ளி எட்டு.
டுரியானா என்றேன்.
வாய் அசைந்தது, சத்தமில்லாமல்,
யாரையோ கூப்பிடுவதுபோல.