ரோடு ரோலர்

நோட்டீசு அடிக்க வந்தார்கள், இருநூறு பிரதி.
கையில் பாதிப் பணம்தான் இருந்தது.
மீதிக்கு ஈடாய் என்னைக்
கட்சியில் சேர்த்துக்கொண்டதாக
இன்றும் சொல்லிச் சிரிப்பான் போஜராஜ்.
அது உண்மையில்லை.
முழுப் பொய்யுமில்லை.

மெஷின் சுடச்சுடத் துப்பிய தாளில்
எங்கள் பதினோராம் வார்டின் ஊற்று இருந்தது.
எட்டு மாதமாய் அதில் மண் தள்ளி மூடுவது
கடைச் சன்னலிலிருந்தே தெரியும்.
அதற்கு ஒரு சர்வே எண் உண்டென்று
அன்றுதான் தெரிந்தது.

ஏழு பேர், இரண்டு குடை.
சின்னமாகப் புல் கேட்டோம்,
பட்டியலில் புல் இல்லை.
மரம் கேட்டோம், யாரோ எடுத்துவிட்டார்கள்.
குலுக்கலில் விழுந்தது ரோடு ரோலர்,
மலையை அறுத்து ரோடு போடாதே என்று
கோத்தகிரி முழுக்கக் கத்தவிருந்த எங்களுக்கு.
காரட் கழுவுமிடத்தில் கணக்கெழுதும் மிச்சிதான் வேட்பாளர்.
தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"மெதுவாத்தான் போகும்.
ரிவர்சும் உண்டு" என்றாள்.

"பச்சைக் கட்சியா?
பச்சைத் தேயிலைக்கு என்ன விலை தருவீங்க?"
முதல் வீட்டில் கேட்டார்கள்.
கடைசி வீட்டிலும் அதுதான்.
நாங்கள் ஊற்று என்றோம்,
அவர்கள் கிலோ பதினாறு என்றார்கள்.
இரண்டும் ஒரே கதைதான் என்று
விளக்கப்போன போஜராஜை
நாய் துரத்தியது.
லயத்து வீட்டில் புவனேஸ்வரியக்கா
குடத்தை இறக்காமலே சொன்னாள்:
"கப்பல்ல வந்த வருசம் எங்கப்பாகிட்டயும்
தண்ணி வரும்னுதான் சொன்னாங்க."
நோட்டீசை வாங்கி
குடத்து வாயில் மூடிக்கொண்டு போனாள்.

ஒரு சாயங்காலம்
தேயிலைக்குள் காட்டெருமை.
ஏழு பேரும் மூச்சடக்கி நின்றோம்.
அது அவசரமேயில்லாமல் ரோட்டைக் கடந்தது.
அன்றைய பிரச்சாரம் அத்தோடு சரி.

நாற்பத்தொரு ஓட்டு.
டெபாசிட் போயிற்று.
எங்களையும் எங்கள் வீட்டாரையும் கழித்தால்
பத்தொன்பது போக
இருபத்திரண்டு.
அந்த இருபத்திரண்டு பேர் யார்?

மறுநாள் கடை திறந்து
ஆதார் நகலெடுக்க வந்த முகங்களையெல்லாம்
கண்ணாடித் தட்டில் கவிழ்த்துவைத்தது போலப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒருவரும் பிடிகொடுக்கவில்லை.

மூணு மணிக்கே பனி இறங்கி
லைட் போட்ட நேரம்
சாந்தகுமார் வந்தான்.
ஊற்றில் மண் தள்ளும் ஜேசிபி
அவன் ஓட்டுவது.
பூட்சில் கறுப்புச் சேறு,
அதில் ஒட்டிய கோரைத் துணுக்கு.
ஆர்.சி. புத்தகம், இரண்டு பக்கமும் ஒரே தாளில்.
சில்லறை வாங்கிப் பையில் போட்டவன்
உள்ளங்கையை மேசைமேல் வைத்து
மெதுவாய் முன்னால் உருட்டினான்.
பிறகு பின்னால்.
சிரிக்கவில்லை.

கேலியா என்று கேட்க நினைப்பதற்குள்
பனிக்குள் போய்விட்டான்.

நோட்டில் எழுதிவைத்திருந்த
இருபத்திரண்டை அடித்துவிட்டு
இருபத்தொன்று என்று எழுதினேன்.
கொஞ்சம் யோசித்துப்
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.