சுவர் பார்ப்பவள்

ஸ்மரண்டாவுக்குச் சம்பளம்
சுவரில் முட்டிக்கொள்வதற்கு.

புக்கரெஸ்டில், டிராம் திரும்பும் முனையில்,
நான்காம் மாடியில், திரை இறக்கிய ஜன்னலோரம்,
இன்னும் விற்பனைக்கு வராத ஒரு நகரத்துக்குள்
காலை ஒன்பது மணிக்கு நுழைவாள்.
வாளை உறையில் போட்டுவிட்டு
ஒவ்வொரு சுவராகத் தோளால் இடிப்பாள்.
வழிவிடாவிட்டால் சரி.
வழிவிட்டால் எழுத வேண்டும்:

"ரொட்டிக்கடைக்குப் பின்னால் குதிரையின் முன்னங்கால்
கல்லுக்குள் போகிறது. ஐந்து தடவைக்கு நான்கு தடவை."
"ராணி அழும்போது கண் இமைக்கவில்லை."
"மழை, கூரைக்குக் கீழேயும் பெய்கிறது."

பக்கத்து நாற்காலி என்னுடையது.
எனக்குக் கதவுகள். திறந்து, மூடி, திறந்து
பதினோரு மாதம்.
எள் தூவிய வளைய ரொட்டியை இரண்டாகப் பிய்த்துப்
பெரிய பாதியை அவளே எடுத்துக்கொள்வாள்.
விளையாடப் பிடிக்குமா என்று ஒருநாள் கேட்டேன்.
"சமையற்காரனிடம் போய்ப் பசிக்கிறதா என்பாயா?" என்றாள்.

வீட்டிலும் விடவில்லையாம் அது.
படியேறும்போது புறங்கை தானாகச்
சுவரைத் தொட்டுக்கொண்டே வருகிறதாம்.
தூங்கும் கணவனின் முதுகையும் ஒருமுறை
லேசாக அழுத்திப் பார்த்தாளாம்.
இருந்தான்.

வெளியீட்டுக்கு ஆறு வாரம் இருக்கையில்
மின்னஞ்சல் வந்தது, மிகுந்த மரியாதையோடு.
முப்பத்தெட்டு நாற்காலிகள்.
அவளுடையது உண்டு. என்னுடையது இல்லை.
கதவுகள் இன்னும் பாக்கி.

முதல் வாரமே நாற்பது லட்சம் பேர் வாங்கினார்கள்.
மேலிடத்திலிருந்து கேக் வந்தது.
பெயர்ப்பட்டியல் ஓடி முடிய இருபத்திரண்டு நிமிஷம்,
காப்பி இயந்திரம் பழுதுபார்த்த நிறுவனம் வரைக்கும்.
இரண்டு தடவை பார்த்தேன்.

என் அக்கா மகன் ஹோரியா
இரவெல்லாம் அந்நகரில்தான் கிடக்கிறான்.
அம்பு பாய்ந்த தோளோடு ஓடிவந்து
சாய்ந்து மூச்சு வாங்குகிறான்.
சுவர் தாங்குகிறது.
அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது அவனுக்கு.

ஒன்றை மட்டும் அவள் எழுதவில்லை.
கடைசி நாள், கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்:
வடக்கு வாசல், சாயப்பட்டறை,
மூன்றாம் தூணுக்கும் சுவருக்கும் நடுவே
பக்கவாட்டில் நுழை.

நேற்று எல்லோரும் போன பிறகு நுழைந்தேன்.
விழுந்தேன்.
விழுந்தபடியே அண்ணாந்தால்
நகரத்தின் அடிப்பக்கம், வெங்காயத்தோல் கனம்தான்.
அதன் மேல் சந்தைக் கூட்டத்தின் உள்ளங்கால்கள்
ஆயிரக்கணக்கில், எதுவும் தெரியாமல், போய்வந்தபடி.
எனக்குத் தரை வரவே இல்லை.

புகார்ப் படிவத்தைத் திறந்தேன்.
எத்தனை தடவைக்கு எத்தனை, என்று கேட்டது.

மறுபடி போய் விழுந்தேன்.