ஐந்தாம் மாடிக்கு ஒரு வினைச்சொல்

வியாழக்கிழமை மாலைப்பள்ளியில் லத்தீன் தேர்வு.
வேனின் வெயில் மறைப்பில் செருகிய தாளில்
நிவேஸ் எழுதி வைத்திருக்கிறாள்:
ஃபெரோ, ஃபெர்ரே, துலி, லாத்தும்.
சுமக்கிறேன், சுமக்க, சுமந்தேன், சுமக்கப்பட்டது.
ஒரே சொல்லாம்.
முகச்சாயல் துளியும் இல்லை.

திரியெஸ்தேயில் இன்று போரா காற்று.
மலையேறும் தெரு, லிஃப்ட் இல்லாத வீடு,
ஒரு பியானோ.
கீழ்முனையில் எர்மான்னோவும் அவன் தம்பி லூச்சோவும்.
மேல்முனையில் தோள்வாரோடு இவள்.

முதல் திருப்பம் வரை ஃபெரோ.
அப்புறம் ஃபெர்ஸ், ஃபெர்த்:
மெய்யோடு மெய் இடிக்கிறது,
நடுவில் இருக்க வேண்டிய உயிரைக் காணோம்.
எடை ஏறினால்
எந்த வாய்க்குத்தான் உயிரெழுத்து மிஞ்சும்?
ஃபெரிமுஸ், சுமக்கிறோம், என்னும்போது
எங்கிருந்தோ ஓர் இகரம் திரும்பி வருகிறது.
மூன்றாம் மாடியில் மூவரும் ஒருசேர மூச்சு விட்டார்கள்.
அதுதான் அந்த இகரம்.

ஃபெருன்த், அவர்கள் சுமக்கிறார்கள்.
'என்று பேசிக்கொள்கிறார்கள்' என்றும் அதற்குப் பொருளுண்டு.
வதந்தியும் யாரோ தோள் மாற்றிய சரக்குதானே.

கைப்பேசியில் முதலாளி: இன்னுமா முடியலை?
ஏவலுக்கு வால்கூடக் கிடையாது:
ஃபெர்.

நாலாம் மாடியில் அவளுக்குப் பிடிபட்டது.
துலி, லாத்தும் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.
லாத்தும் ஒரு காலத்தில் த்லாத்தும்;
முன்னால் நின்ற தகரம் விழுந்துவிட்டது,
லூச்சோவின் முன்பல் மாதிரி.
ஃபெரோ வேறு வீட்டுப் பெண்.
இறந்தகாலம் இல்லாமல் வந்தவள்,
அண்ணன் தம்பியிடம் வாங்கிக்கொண்டாள்.

அந்த இரு வீட்டு ரத்தமும் வடமொழி சுற்றி
நம் வாய்க்கும் வந்திருக்கிறது:
பாரம். துலாம்.
'பொறு' மட்டும் நாமே வைத்துக்கொண்டது.
மூட்டையையும் பொறுக்கலாம், முதலாளியையும் பொறுக்கலாம்.
ஃபெர்ரேயும் அப்படித்தான்.

ஐந்தாம் மாடி.
துலிமுஸ், சுமந்துவிட்டோம், என்று வாயெடுத்தாள்.
கதவு இரண்டு விரற்கடை குறுகல்.

எர்மான்னோ படியில் உட்கார்ந்தான்.
லூச்சோ கதவின் பரம்பரையையே திட்டினான்.
பியானோவுக்குள் ஏதோ ஒரு தந்தி
தானாக முனகி அடங்கியது.
பிறகு இறங்கினார்கள்.
ஏறுவதைவிட இறங்குவது கனம்.

வியாழன். கேள்வி ஆறு:
எதிர்காலம், தன்மை ஒருமை.
பேனாவைப் பிடிக்க விரல் மடங்கவில்லை.
ஃபெராம் என்று கோணலாக எழுதினாள்.
சுமப்பேன்.
சுமப்பேனாக என்பதற்கும் அதே எழுத்துகள்தான்.
எது என்று
கேள்வித்தாளில் கேட்டிருக்கவில்லை.