அட்டையின் வெள்ளை இடம்

அங்கன்வாடி திறந்த முதல் நாள்
கொக்கித் தராசில் லெவினைத் தூக்கிப் பார்த்துவிட்டு
"இது தாங்காது" என்று
தரையில் வைக்கிற மிஷினை எடுத்துவந்தார்
மரியபுஷ்பம் டீச்சர்.
புள்ளி வைக்க இடம் தேடிய பேனா
பச்சையைத் தாண்டிப் போனது.
கீழே இறங்கும் பிள்ளைகளுக்குத்தான்
மஞ்சளும் ஆரஞ்சும் அடித்திருக்கிறது.
மேலே வெறும் வெள்ளைத் தாள்.

அன்றைக்கு நீங்கள் சொன்னதெல்லாம்
எனக்கு மனப்பாடம், டீச்சர்.
பிஸ்கட் கூடாது. கேப்பைக் கூழ்.
செல் காட்டி ஊட்டாதே. மணலில் ஓடவிடு.
காரலை அவித்து முள் பார்த்துக் கொடு.
கொடுத்தேன்.
பங்குனி பிறக்கும்வரை கொடுத்தேன்.

அப்புறம் தங்கச்சிமடம் கரையில்
கயிறு கட்டினார்கள்.
வாசலிலிருந்து அறுபது எட்டில் மணல்,
இறங்கினால் லத்தி.
வள்ளம் கவிழ்ந்து கிடந்தது.
காரல் கடலிலேயே கிடந்தது.
எமரிட் பாயிலேயே கிடந்தார்.

முன்பணம் தந்த வியாபாரியிடமிருந்து
நாள் தவறாமல் போன்.
முதல் மணிக்கு அவர் முகம் மாறும்,
இரண்டாம் மணிக்குப் பிள்ளை வீறிடும்,
மூன்றாம் மணிக்குள் என் கை
டப்பாவுக்குள் இருக்கும்.
கிரீம் பிஸ்கட்.
அஞ்சு ரூபாய்க்கு அரைமணி நேரம் அமைதி.
அந்த விலைக்கு வேறு எது கிடைத்தது அந்த மாதம்?

அவருக்குக் காய்ச்சல் கண்டது.
மண்டபத்தில் எடுத்த சளிக்கு
முடிவு வர மூன்று நாள்.
அந்த மூன்று நாளும் லெவின் என்ன தின்றான்
என்று எனக்குத் தெரியாது.
கேட்டதெல்லாம் தின்றிருப்பான்.
ரேஷன் சீனியைச் சோற்றில் கொட்டிப் பிசைந்தது மட்டும்
நினைவிருக்கிறது.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து டெல்பினா
"இந்தக் கொரோனாவிலும் பிள்ளையை
கொழுகொழுன்னு வச்சிருக்கியே" என்றாள்.
சந்தோஷமாகத்தான் இருந்தது.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆறு கிலோ இறங்கியிருந்தேன்.
எனக்கு அட்டை இல்லை.

டீச்சர் ஒன்றும் திட்டவில்லை.
வெள்ளையில் புள்ளி வைத்து
அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்,
என்ன எழுதுவதென்று தெரியாதவர் போல.

கரை வழியே திரும்பினோம்.
அறுந்த கயிறு இன்னும் ஆப்பில் தொங்குகிறது.
லெவின் கொஞ்சம் ஓடினான்.
உட்கார்ந்தான்.
மூச்சு வாங்க ஒரு சிப்பியைப் பொறுக்கினான்.

பையில் போன் அடித்தது.
முதல் மணி.
இரண்டாம் மணி.
அவன் அழவில்லை.
என் கையைப் பார்த்து
வாயைத் திறந்தான்.