இருட்டுக்குத் தனிக் கூலி

மூன்று நாள் கூட்டம்.
கூத்தாநல்லூர் போகிற வழியில்
உளுந்து தெளிக்காமல் விட்டிருந்த வயல்.
தாள் குத்தும் என்று வைக்கோல் பரப்பி
அதன்மேல் தார்ப்பாய்.
மேடைக்குப் பின்னால் நானும் என் ஆம்ப்ளிஃபயரும்.
ஸ்ரீ ராஜமாதங்கி ஒலி ஒளி, நீடாமங்கலம் என்று
ஹாரன் குழாய்களில் எழுதியிருந்ததன்மேல்
வெள்ளைத்தாள் ஒட்டச் சொன்னார்கள்.
ஒட்டினேன்.

எக்காளம் என்னுடையது.
மன்னார்குடி பேண்டு செட்டில் ட்ரம்பெட் ஊதும் கலியமூர்த்தியை
ஒரு கல்யாண மண்டபத்து மாடிப்படிக்குக் கீழே உட்காரவைத்து
முப்பது ரூபாய்க்குப் பிடித்த கேசட்.
என்ன பாட்டுண்ணே என்றான்.
பாட்டில்லை, மூச்சு உள்ளமட்டும் ஊது என்றேன்.
மூன்று தடவை ஊதினான். மூன்றாவதில் இருமல்.
அதை வெட்டிவிட்டு எக்கோவை முழுசாகத் திருப்பிக் கேட்டபோது
எனக்கே முதுகு சிலிர்த்தது.

சுவிசேஷகர் எலியேசர் தங்கதுரை
சாயங்காலமே அடையாளம் சொல்லிவிட்டார்:
கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்து
வேதப்புத்தகத்தை மூடினால்
மெயினை இறக்கு. மூன்று எண்ணு. கேசட்டை விடு.

நல்ல குரல் அவருக்கு, சொல்லத்தான் வேண்டும்.
நாற்றங்காலைக் காட்டிப் பேசினார்.
பறித்த முடி வயலுக்குப் போகும்,
விடுபட்டது மாட்டு வாய்க்கு என்றார்.
உலை கொதித்துக்கொண்டிருக்கும்,
அரிசி போடப் போனவள் இருக்கமாட்டாள் என்றார்.
பகலெல்லாம் உளுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள்
பக்கத்தில் இருந்தவளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டதை
படுதா ஓட்டை வழியாகப் பார்த்தேன்.

நெற்றியைத் துடைத்தார்.

இறக்கினேன். ஒன்று. இரண்டு. மூன்று.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது.
எக்காளத்தைச் சொல்லவில்லை, அதற்கப்புறம் வந்ததை.
பெற்ற பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்,
எல்லாரும் ஒரே நேரத்தில்,
ஆகவே ஒரு பெயரும் கேட்கவில்லை.

வயரைத் தடவிக்கொண்டே
ஒரு சிறுமி என்னிடம் வந்து சேர்ந்தாள்.
எட்டோ ஒன்பதோ இருக்கும்.
பாவாடை நனைந்திருந்தது.
என் பீடி நெருப்பைப் பார்த்துக் கேட்டாள்:
அண்ணே, ஒங்களையும் விட்டுட்டுப் போயிட்டாங்களா?

ஜெனரேட்டர்ல டீசல் தீந்துபோச்சு பாப்பா,
இப்ப வந்துரும் என்றேன்.
அன்றைக்கு அந்த வயலில் சொன்ன பொய்களில்
சின்னது அதுதான்.
ஒரு நிமிஷம் முன்னாலேயே விளக்கைப் போட்டுவிட்டேன்.
அதற்கு ஏச்சும் வாங்கினேன்.

நாற்பத்து மூன்று பேர் முன்னால் வந்து மண்டியிட்டார்கள்.
எனக்கு ஆயிரத்து இருநூறு.
இருட்டுக்குத் தனியாக இருநூறு.
எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டேன்.

கலியமூர்த்தி செத்துப்போனான்.
கேசட் எங்கே போனதென்று தெரியவில்லை.

கஜா வரப்போகிற அன்று
திருத்துறைப்பூண்டி பக்கம், தாலுகா ஆபீஸ்காரர்கள்
ஆட்டோவில் என் ஹாரனைக் கட்டிவிட்டார்கள்.
தாழ்வான இடத்தில் உள்ளவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வரவும்.
தாளைப் பார்த்து வாசித்தேன்.
மூன்று தெரு சுற்றியும் ஆள் அசையவில்லை.
எந்தக் கோயில் விசேஷம் என்று ஒருவர் கேட்டார்.
எக்கோ குமிழ்வரை ஒருதரம் கை போய்
திரும்பி வந்தது.

நள்ளிரவில் அவர்களே வந்தார்கள்.
நானும் அங்கேதான் கிடந்தேன், நாலாம் வகுப்பு அறையில்.
வெளியே தென்னைகள் முறியும் ஓசை,
ஒன்று நின்றதும் அடுத்தது.
யாருடைய செல்போனிலும் சார்ஜ் இல்லை.
ஒரு பிள்ளை, அம்மா எல்லாரும் போயிட்டாங்களா என்றது.

யாரும் போகல, இரு, எண்ணிக் காட்டுறேன்.

எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு
ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டே வந்தாள்,
சத்தமாக எண்ணியபடி.
அவள்தானா, தெரியாது. நான் கேட்கவில்லை.
ஈரமான கை.
என் தலையில் பட்டதும்
பதினேழு என்றாள்.
அடுத்த தலைக்குப் போனாள்.